நடத்தைப் பதிவேட்டில் பெயர்க் கட்டத்தைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது: பள்ளியில் மூன்று ஆண்டுகளாக மாணவர்களின் நடத்தைப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி வருகிறார்கள். யார் சண்டை போட்டார், யார் வகுப்பைக் கலைத்தார், யாரைத் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பினோம் என்று ஆயிரக்கணக்கில் வரிகள் சேர்ந்துவிட்டன. பெற்றோரை வரவழைத்து நீட்டிக் காட்டுவதைத் தவிர அது வேறெதற்கும் பயன்பட்டதில்லை. மாணவர்களுக்கு உதவும்படி இதை எப்படிப் பயன்படுத்துவது? எந்த மாணவன் பின்னால் சிக்கலில் மாட்டுவான் என்று முன்கூட்டியே சொல்லும் மென்பொருள் இருக்கிறதாமே, அதை வாங்கலாமா?

பெயர்க் கட்டத்தை மறைத்துவிட்டு இடம், நேரம், கிழமை, வகுப்பு ஆகிய கட்டங்களை வைத்து முதலில் வரிசைப்படுத்துங்கள். ‘யார்’ என்ற கேள்வி கடைசியில் வரட்டும். மென்பொருள் வேண்டாம். பதில் இவ்வளவுதான். காரணங்கள்தான் நீளம்.

பதிவேட்டைத் திறந்ததும் கண் நேராகப் பெயருக்குத்தான் போகும். அதே நாலைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பெயர்கள் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் முன்பே மனப்பாடம். ஆக, பதிவேடு புதிதாக எதையும் சொல்லவில்லை. ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருந்ததற்கு முத்திரை குத்தித் தந்தது, அவ்வளவே. இடத்தையும் நேரத்தையும் வைத்துப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் யாரும் எதிர்பாராத ஒன்று தலைகாட்டும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் 60 பதிவுகள். பெயரை மறைத்து இடவாரியாகப் பிரிக்கிறீர்கள். அதில் 23 பதிவுகள் ஒரே மாடிப்படியில் நடந்தவை. அந்த 23ஐ நேரவாரியாகப் பிரித்தால் 19 பதிவுகள் மதிய இடைவேளை முடிகிற மணிக்கு முன்னும் பின்னும் உள்ள பத்து நிமிடத்துக்குள் அடங்குகின்றன. எல்லாமே தள்ளுமுள்ளு, காலை இடறிவிடுதல், அதைத் தொடர்ந்த கைகலப்பு. நேரில் போய் நின்று பார்த்தால் ஏழாம் வகுப்பு மேலே ஏறும் அதே நேரத்தில் ஒன்பதாம் வகுப்பு கீழே இறங்குகிறது. படிக்கட்டோ இரண்டு பேர் ஒட்டி நிற்கிற அகலம். அங்கே நிற்க வேண்டிய ஆசிரியருக்கு அதே மணிக்கு வேறு கட்டடத்தில் வகுப்பு. இப்போது செய்ய வேண்டியது என்ன? இரண்டு வகுப்புகளையும் மூன்று நிமிட இடைவெளி விட்டு அனுப்புவது, ஒரு வகுப்பை வேறு படி வழியாகத் திருப்புவது, ஆசிரியரின் கால அட்டவணையை மாற்றுவது. பதிவேட்டில் பெயர் வந்த பதினைந்து இருபது பிள்ளைகளில் ஒருவரையும் கூப்பிட்டு அறிவுரை சொல்லாமலே மாதத்தின் மூன்றிலொரு பங்குச் சச்சரவு குறைய வழியுண்டு. பெயரிலிருந்து தொடங்கியிருந்தால் அந்தப் பதினைந்து பெற்றோரையும் வரவழைத்திருப்பீர்கள்.

அமெரிக்காவில் ஒரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பள்ளிகளுக்காக உருவாக்கிய பதிவு முறை இதை ஐந்து கேள்விகளாக வைத்திருக்கிறது: ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை, என்ன நடத்தை, எங்கே, எந்த நேரம், யார். ராப் ஹார்னர், ஜார்ஜ் சுகாய் போன்றவர்கள் 1990களில் வளர்த்தெடுத்த ‘நேர்மறை நடத்தை ஆதரவு’ என்ற, தண்டனையை நம்பாமல் நல்ல நடத்தையைக் கற்றுத்தந்து சூழலைச் சீர்படுத்தும் அணுகுமுறையோடு சேர்ந்து பரவிய பழக்கம் இது. கேள்விகள் ஐந்தும் எளியவை. பதில்களை ஒரே வாக்கியமாகக் கோக்கும்போதுதான் வேலை நடக்கிறது. ‘மாணவர்களிடம் ஒழுக்கம் குறைந்துவிட்டது’ என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்தக் குழுவாலும் எதையும் செய்ய முடியாது. ‘மதிய இடைவேளை முடியும்போது கிழக்குப் படிக்கட்டில் ஏழும் ஒன்பதும் எதிரெதிரே வருவதால் தள்ளுமுள்ளு நடக்கிறது, ஆசிரியர் யாரும் அங்கில்லை’ என்பதில் தீர்வில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் கூட்டங்களில் முதல் வகை வாக்கியம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, எங்கே, எப்போது என்று கேட்கப் பழகுங்கள்.

மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். ஒரு மாதத்தில் 22 வேலை நாட்கள், 66 பதிவுகள். அடுத்த மாதம் தேர்வும் விடுமுறையும் போக 12 நாட்கள், 48 பதிவுகள். கூட்டத்தில் ‘66லிருந்து 48க்குக் குறைந்துவிட்டது’ என்று கைதட்டுவார்கள். நாள் கணக்கில் 3 இருந்தது 4 ஆகியிருக்கிறது, அதாவது நிலைமை மோசமாகியிருக்கிறது. எப்போதும் வேலை நாட்களால் வகுத்த எண்ணையே பாருங்கள். இரண்டு பள்ளிகளையோ இரண்டு ஆண்டுகளையோ ஒப்பிடுவதானால் மாணவர் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும்.

இதெல்லாம் பதிவு ஒழுங்காக இருந்தால்தான். உங்கள் மூன்று ஆண்டுப் பதிவுகளை நான் பார்க்கவில்லை, ஆனால் பொதுவாக இத்தகைய பதிவேடுகளின் ‘விவரம்’ கட்டத்தில் என்ன இருக்கும் என்று தெரியும்: ‘திமிராக நடந்துகொண்டான்’, ‘மரியாதை இல்லை’, ‘வகுப்பைக் கெடுத்தாள்’. இதைப் படித்தால் ஆசிரியருக்குக் கோபம் வந்தது என்பது தெரியும். பிள்ளை என்ன செய்தது என்பது தெரியாது. திமிர் என்றால் பதில் சொல்லாமல் நின்றதா, முகத்தைத் திருப்பியதா, கெட்ட வார்த்தை பேசியதா? இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தாலும் ஒன்றையே எழுதும் அளவுக்கு வரையறை தெளிவாக இருக்க வேண்டும். ‘உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை, இரண்டு முறை சொன்ன பிறகு புத்தகத்தைக் கீழே எறிந்தான்’ என்பது பதிவு. கண்ணால் பார்க்கவும் காதால் கேட்கவும் முடிந்ததை மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வரையறை எழுத எல்லா ஆசிரியர்களையும் உட்காரவைத்து ஒரு பிற்பகல் செலவழித்தால் போதும். எது வகுப்பறையிலேயே ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டியது, எது தலைமையாசிரியர் வரை போக வேண்டியது என்று அப்போதே பிரித்துவிடுங்கள். இந்தப் பிரிவினை இல்லாத பள்ளியில் ஓர் ஆசிரியர் பேனா கொண்டுவராததற்கும் பிள்ளையை அலுவலக வாசலில் நிறுத்துவார். இன்னொருவர் கைகலப்பைக்கூடத் தானே சமாளித்துவிட்டு வாயே திறக்க மாட்டார். இரண்டையும் ஒரே கட்டத்தில் கூட்டினால் வருகிற எண்ணுக்கு ஒரு பொருளும் கிடையாது.

படிவம் ஒரு நிமிடத்துக்குள் நிரப்பும்படி இருக்க வேண்டும். தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, கூட யார் இருந்தார்கள், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அதன் பிறகு பெரியவர்கள் என்ன செய்தார்கள். இதற்கு மேல் ஒரு கட்டம் சேர்க்க ஆசை வந்தால், அந்தக் கட்டத்தை வைத்து எந்த முடிவு எடுப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தக் கட்டம் வேண்டாம். ஆசிரியரின் நேரத்தைத் தின்னும் படிவம் இரண்டு மாதத்தில் வெறுங்காகிதமாகிவிடும்; மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பிக் கொடுப்பார்கள். அதைவிட ஒன்றுமே எழுதாதிருப்பது மேல்.

இனி, பலர் தொடத் தயங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நடத்தைப் பதிவில் மூன்று செயல்கள் இருக்கின்றன. பிள்ளை ஒன்றைச் செய்தது, ஒரு பெரியவர் அதைப் பார்த்தார், பார்த்ததை எழுத வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். நாம் முதலாவதை மட்டுமே அளக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். மற்ற இரண்டும் சேர்ந்தேதான் அளவில் விழுகின்றன.

இதற்குப் பழைய சான்று உண்டு. ரஸ்ஸல் ஸ்கிபாவும் உடனாய்வாளர்களும் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி நகரம் ஒன்றில் 19 நடுநிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 11,001 மாணவர்களின் 1994–95 ஒழுங்குப் பதிவுகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். வெள்ளை மாணவர்கள் பள்ளி அலுவலகத்துக்கு அதிகம் அனுப்பப்பட்ட காரணங்கள் புகைபிடித்தல், அனுமதியின்றி வெளியேறுதல், பொருட்களைச் சேதப்படுத்துதல், ஆபாசப் பேச்சு. கறுப்பின மாணவர்கள் அதிகம் அனுப்பப்பட்ட காரணங்கள் மரியாதைக் குறைவு, அதிக சத்தம், மிரட்டல், வீணாகச் சுற்றித் திரிதல். முதல் பட்டியலில் உள்ளவற்றை நிரூபிக்கலாம். இரண்டாவதில் பார்ப்பவரின் மனநிலைக்குத்தான் பெரிய பங்கு. அதே நாட்டின் அரசுத் தணிக்கை அலுவலகம் 2018இல் தந்த அறிக்கையின்படி, பொதுப் பள்ளி மாணவர்களில் 15.5 விழுக்காடாக இருந்த கறுப்பின மாணவர்கள், இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் 39 விழுக்காடு.

2015இல் ஜேசன் ஒகோனோஃபுவா, ஜெனிஃபர் எபர்ஹார்ட் இருவரும் செய்த சோதனை இன்னும் நுணுக்கமானது. ஆசிரியர்களிடம் ஒரு மாணவனின் இரண்டு சிறு தவறுகள் அடங்கிய பதிவைக் கொடுத்தார்கள். பதிவு ஒன்றேதான், பெயர் மட்டும் வேறு. முதல் தவறைப் படித்தபோது பெரிய வித்தியாசமில்லை. இரண்டாவதைப் படித்ததும், பெயர் கறுப்பின மாணவனுடையது போலத் தோன்றியவர்களுக்கு எரிச்சல் கூடியது. கடுமையான தண்டனை வேண்டும் என்றார்கள். இரண்டு தவறுகளையும் ‘இவன் இப்படித்தான்’ என்று கோத்துப் பார்க்கிற மனம் ஒரு பெயருக்கு வேகமாகவும் மற்றொன்றுக்கு மெதுவாகவும் வேலை செய்கிறது. இனம் என்பதை எடுத்துவிட்டு அண்ணன் படித்த பெயர், குடும்பப் பின்னணி, பேசும் விதம், போன ஆண்டு ஆசிரியர் சொல்லிவைத்துவிட்டுப் போன வார்த்தை என்று எதை வைத்தாலும் இந்த வேலை நடக்கும் என்பது என் கருத்து. பெயர்க் கட்டத்தை முதலில் மறைக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

ஆகவே ஆண்டுக்கு ஓரிரு முறையாவது பதிவுகளைக் குழுவாரியாகவும் வகைவாரியாகவும் பாருங்கள். எந்தப் பிரிவு மாணவர்கள் தங்கள் எண்ணிக்கைக்கு மீறி வருகிறார்கள்? அவர்கள் மேல் வரும் பதிவுகள் ‘அடித்தான்’ வகையா, ‘மதிக்கவில்லை’ வகையா? பிறகு நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ‘மதிக்கவில்லை’ வகைப் பதிவுகள் நாளின் கடைசிப் பாடவேளையில் குவிகிறதென்றால் அங்கே களைப்பும் பங்கு வகிக்கிறது. அந்த நேரத்தில் மட்டும் ‘பதிவு எழுதும் முன் ஒரு முறை அருகில் போய்த் தாழ்ந்த குரலில் பேசுவது’ என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் விதி வைத்துக்கொள்ளலாம். ஆனால் எந்த ஆசிரியர் எத்தனை எழுதினார் என்ற பட்டியலைக் கூட்டத்தில் காட்டவே காட்டாதீர்கள். காட்டிய மறுநாளிலிருந்து பதிவுகள் குறையும், சிக்கல்கள் குறையாது. அதே போல, ‘இந்த ஆண்டு இடைநீக்கத்தைப் பாதியாக்க வேண்டும்’ என்று மேலிடத்திலிருந்து இலக்கு வந்தால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வருகைப் பதிவேட்டில் ‘விடுப்பு’ என்று எழுதும் கலை தானாகப் பிறக்கும்.

எத்தனை பதிவு வந்தால் கவலைப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். நான் சொன்ன ‘நேர்மறை நடத்தை ஆதரவு’ அணுகுமுறையில் பழகிவந்த கணக்கு: ஓர் ஆண்டில் அலுவலகம் வரை போன பதிவு ஒன்றோ, இல்லாமலோ இருப்பவர்களுக்குப் பள்ளி முழுவதற்குமான ஏற்பாடுகளே போதும், 2 முதல் 5 வரை என்றால் கூடுதல் கவனிப்பு, 6ம் அதற்கு மேலும் என்றால் அந்தப் பிள்ளைக்கென்றே தனித் திட்டம். ஏறக்குறைய 80, 15, 5 விழுக்காடு என்ற விகிதத்தில் இது பிரியும் என்று எதிர்பார்க்கிறார்கள். உங்கள் பள்ளியில் மூன்றிலொரு பங்குப் பிள்ளைகள் இரண்டோ அதற்கு மேலோ வாங்கியிருக்கிறார்கள் என்றால் அத்தனை பேருக்கும் தனித் திட்டம் எழுத உட்காராதீர்கள். பழுது பள்ளியின் பொது ஏற்பாட்டில் இருக்கிறது, அந்த மாடிப்படி போல. பொது ஏற்பாட்டைச் சரிசெய்வது உண்மையிலேயே பலன் தருகிறதா என்றால், மேரிலாந்து மாநிலத்தில் 37 தொடக்கப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துக் கேத்தரின் பிராட்ஷா குழு நடத்திய ஆய்வு இருக்கிறது. ‘நேர்மறை நடத்தை ஆதரவு’ முறையைப் பின்பற்றிய பள்ளிகளில் ஒரு பிள்ளை அலுவலகத்துக்கு அனுப்பப்படும் வாய்ப்பு 33 விழுக்காடு குறைவாக இருந்தது என்று 2012இல் எழுதினார்கள். மாயம் இல்லை, ஆனால் கைவிடக்கூடிய அளவும் இல்லை.

இப்போது பெயர்க் கட்டத்தைத் திறக்கலாம். மாடிப்படியையும் கால அட்டவணையையும் சரிசெய்த பிறகும் பதிவுகள் வந்துகொண்டிருக்கிற பிள்ளைகள் மிஞ்சுவார்கள். அவர்கள் விஷயத்தில் ‘எத்தனை முறை’ என்பதை விட ‘எதற்கு முன், எதற்குப் பின்’ என்பதே பயன்படும். முன் நிகழ்வு, நடத்தை, பின் நிகழ்வு என்று மூன்று பத்தி போட்டு எழுதுவது பழைய முறை. உளவியலாளர் சிட்னி பிஜோவும் உடனிருந்தவர்களும் 1968இல் எழுதிய கட்டுரையிலிருந்து வருவது. ஒரு கற்பனை மாணவனின் ஒரு வாரத்தை அப்படி எழுதிப் பார்ப்போம்.

திங்கள், கணக்குப் பாடம். முன்: பயிற்சித்தாள் கொடுக்கப்பட்டது, தனியாகச் செய்யச் சொன்னார்கள். நடத்தை: பக்கத்துப் பையனின் தாளை இழுத்தான், ஆசிரியர் கண்டித்ததும் தாளைக் கிழித்தான். பின்: வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டான், பாடவேளை முடியும் வரை. செவ்வாய், மொழிப் பாடம். முன்: ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு வாசிக்கும் வரிசை அவனை நெருங்கியது. நடத்தை: பெஞ்சைத் தட்டினான், ஏதோ சொல்லி வகுப்பைச் சிரிக்கவைத்தான். பின்: தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பப்பட்டான். புதன், விளையாட்டு, ஓவியம்: பதிவு இல்லை. வியாழன், கணக்குப் பாடம், கரும்பலகையில் ஆசிரியர் விளக்கிய நாள்: பதிவு இல்லை. வெள்ளி, அறிவியல். முன்: பாடப்புத்தகத்தின் பத்தியைப் படித்துக் கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னார்கள். நடத்தை: எழுத மறுத்தான், புத்தகத்தைத் தள்ளிவிட்டான். பின்: வெளியே அனுப்பப்பட்டான்.

ஐந்து வரிகளைச் சேர்த்துப் படித்தால் ‘முரட்டுப் பையன்’ என்பது கரைந்துவிடுகிறது. தானே படித்தாக வேண்டிய இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் வெடிக்கிறது. ஒவ்வொரு முறையும் அதன் பலன் ஒன்றுதான்: படிக்க வேண்டிய அவசியத்திலிருந்து தப்பினான். அவனைத் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டு பள்ளி அவன் விரும்பியதையே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. வெளியே நிறுத்துவதை நிறுத்தினால் மட்டும் போதாது; அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வருகிறதா என்று யாராவது தனியாக உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். அது வரை வாய்விட்டு வாசிக்கும் பகுதியை முன்தினமே கொடுத்துத் தயாராகச் சொல்லலாம், பயிற்சித்தாளில் முதல் இரண்டு கேள்வியை மட்டும் ஆசிரியர் கூட இருந்து செய்யலாம், முடியாதபோது தாளைக் கிழிப்பதற்குப் பதில் ‘உதவி வேண்டும்’ என்று காட்ட ஓர் அட்டை கொடுக்கலாம். இந்தக் கடைசிப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய நடத்தை எந்தக் காரியத்தைச் சாதித்துத் தந்ததோ அதையே சாதிக்கும் வேறு வழியைக் கற்றுத் தராவிட்டால் அது வேறு உருவத்தில் திரும்பி வரும்.

நடத்தையின் பயன் பொதுவாக நாலு வகைக்குள் அடங்கும்: பெரியவர்களின் அல்லது சக மாணவர்களின் கவனம், ஒரு வேலையிலிருந்தோ சூழலிலிருந்தோ தப்பித்தல், ஒரு பொருளையோ வாய்ப்பையோ பெறுதல், உடலுக்குக் கிடைக்கும் உணர்வு. இத்தகைய பயன்களில் சிலவற்றை உளவியலாளர் பிரையன் இவாட்டாவும் உடனாய்வாளர்களும் 1982இல் சோதனையாகவே அமைத்துக் காட்டினார்கள். 1997இல் அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டத் திருத்தம், குறிப்பிட்ட சூழல்களில் இத்தகைய மதிப்பீட்டைப் பள்ளிகளின் கடமையாகவே ஆக்கியது. இதில் கவனிக்க வேண்டியது, ஒரே நடத்தை இரண்டு பிள்ளைகளிடம் இரண்டு வேறு காரியங்களுக்காக நடக்கும் என்பது. கவனம் தேடிப் பெஞ்சைத் தட்டுகிறவனை வெளியே நிறுத்தினால் ஒருவேளை குறையலாம். தப்பிப்பதற்காகத் தட்டுகிறவனிடம் அதே தண்டனை நெருப்பில் நெய்தான்.

இடைநிலைப் பிள்ளைகளுக்கு, அதாவது 2 முதல் 5 பதிவு வாங்கியவர்களுக்கு, இவ்வளவு ஆராய்ச்சி வேண்டியதில்லை. தினசரி அட்டை என்ற எளிய ஏற்பாடு உண்டு. காலையில் ஒரு பெரியவரைப் பார்த்து அட்டையை வாங்கிக்கொள்வது, ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் ஆசிரியர் மூன்று எதிர்பார்ப்புகளுக்கு 0, 1 அல்லது 2 போடுவது, மாலையில் அதே பெரியவரிடம் காட்டிக் கூட்டிப் பார்ப்பது, வீட்டில் கையெழுத்து. நாளின் மொத்தத்தில் 80 விழுக்காடு என்பது வழக்கமான இலக்கு. முதல் வாரத்திலேயே 80 வைத்தால் 45 வாங்குகிற பிள்ளை இரண்டாம் நாளே அட்டையைத் தொலைத்துவிடும். அது இப்போது எங்கே நிற்கிறதோ அதற்குச் சற்று மேலே தொடங்குங்கள். மாலையில் பேசும்போது எத்தனை குறைந்தது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கக் கூடாது. இந்த ஏற்பாடு பெரியவர்களின் கவனத்துக்கு ஏங்கும் பிள்ளைகளிடம் நன்றாக வேலை செய்யும். படிக்க முடியாமல் தப்பி ஓடுகிறவனிடம் அட்டை மட்டும் கொடுத்துப் பயனில்லை.

பதிவேட்டில் வராத பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சத்தம் போடுகிறவர்கள் மட்டுமே பதிவேட்டில் ஏறுகிறார்கள். ஒருவரோடும் பேசாமல் கடைசி பெஞ்சில் சுருண்டுபோகிற மாணவிக்கு மூன்று ஆண்டுகளில் ஒரு பதிவுகூட இருக்காது. அவளை ‘பிரச்சினையில்லாத பெண்’ என்ற பட்டியலில்தான் உங்கள் கணினி வைத்திருக்கும். அவளைக் கண்டுபிடிக்க வேறு தடங்கள் வேண்டும்: அடிக்கடி வயிற்றுவலி, தலைவலி என்று முதலுதவி அறைக்குப் போவது, குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும் வராமலிருப்பது, இரண்டு மாதத்துக்குள் மதிப்பெண் சரிவது. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட 25 கேள்விகள் கொண்ட வினாத்தாள் போன்றவற்றை ஆண்டுக்கு ஒருமுறை வகுப்பாசிரியர்கள் நிரப்பினால் இத்தகைய பிள்ளைகள் சிலர் கண்ணில் படுவார்கள். ஆனால் நிரப்பிய பிறகு அந்தப் பிள்ளையை யார் பார்ப்பார், எந்தக் கவுன்சிலரிடம் அனுப்புவது என்ற ஏற்பாடு கையில் இல்லாமல் வினாத்தாளைத் தொடாதீர்கள். தெரிந்துகொண்டு சும்மா இருப்பதற்குத் தெரியாமலே இருக்கலாம்.

வருகையைத் தனிக் கோப்பில் வைக்காதீர்கள். ராபர்ட் பால்ஃபன்ஸ் குழு ஃபிலடெல்ஃபியாவில் 1996 முதல் 2004 வரை மாணவர்களைப் பின்தொடர்ந்து 2007இல் எழுதியதன்படி, ஆறாம் வகுப்பிலேயே வருகைக் குறைவு, நடத்தைச் சிக்கல், பாடத்தில் தோல்வி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், பின்னால் பள்ளிப் படிப்பை முடிக்காமல் போகிறவர்களில் 60 விழுக்காட்டினரை அப்போதே அடையாளம் காண முடிந்தது. இதைப் படித்ததும் ‘அப்படியானால் முன்கூட்டியே சொல்லும் மென்பொருள் சரிதானே’ என்று தோன்றும். அந்த ஆய்வு பார்த்தவை எந்தப் பள்ளியிலும் ஏற்கெனவே இருக்கிற மூன்று பதிவேடுகள். மூன்றையும் ஒரே எக்செல் தாளில் பக்கத்துப் பக்கமாக வைத்தால் அதே வேலை நடக்கும். மென்பொருள் இதற்கு மேல் சேர்ப்பது, பிள்ளை சிக்கலில் மாட்டும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும் ஒரு மதிப்பெண். அந்த மதிப்பெண் எப்படி வந்தது என்று பெரும்பாலும் விற்பவரால் உங்களுக்கு விளக்க முடியாது, உங்களால் பெற்றோருக்கு விளக்க முடியாது.

விளக்க முடியாத பட்டியல் எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பாஸ்கோ கவுண்டி என்ற மாவட்டம் ஓர் எச்சரிக்கை. அங்கே ஷெரிஃப் அலுவலகம், அதாவது உள்ளூர்க் காவல்துறை, பள்ளியின் மதிப்பெண், வருகை விவரங்களையும் குழந்தைகள் நலத் துறையின் பதிவுகளையும் சேர்த்து, பின்னால் குற்றவாளி ஆகக்கூடிய மாணவர்கள் என்று 400க்கும் மேற்பட்டவர்களின் பட்டியலை வைத்திருந்ததை டாம்பா பே டைம்ஸ் நாளிதழ் 2020இல் அம்பலப்படுத்தியது. மோசமான மதிப்பெண் வாங்கியதும், வீட்டில் கொடுமைக்கு ஆளானதும்கூட அந்தக் கணக்கில் ஒரு பிள்ளைக்கு எதிராக நின்றன. பெற்றோருக்கு எதுவும் தெரியாது. அந்தச் செய்தி வரிசைக்கு 2021இல் இதழியலுக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. உதவிக்காகத் திரட்டிய விவரம் கைமாறும்போது உதவி என்ற சொல் மட்டும் வழியில் உதிர்ந்துபோகிறது.

வகுப்பறைத் திரையில் எல்லோர் பெயருக்கும் எதிரே நட்சத்திரமும் கழித்தலும் போடுகிற செயலிகளும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பிள்ளையின் பதிவை முப்பது பேர் பார்க்கும்படி வைப்பதற்கு எந்தக் கற்பித்தல் காரணமும் இல்லை. குழு மொத்தமாகச் சேர்க்கும் புள்ளிகள் வேறு விஷயம், அதை ஒட்டிவையுங்கள்.

நடைமுறைக்கு: நாலைந்து பேர் கொண்ட குழு, மாதம் இருமுறை, நாற்பது நிமிடம். கூட்டத்துக்கு முந்தின நாளே ஒருவர் வரைபடங்களைத் தயார் செய்து அனுப்பிவிட வேண்டும், கூட்டத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு கூட்டத்தில் ஒரு சிக்கல், அதற்கு ஒரு மாற்றம், யார் செய்வார், எந்தத் தேதியில் எந்த எண்ணைத் திரும்பப் பார்ப்போம். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி ‘செய்தோமா?’, இரண்டாவது ‘எண் அசைந்ததா?’ என்ற வரிசையில் இருக்கட்டும். பல நேரங்களில் எண் அசையாததற்குக் காரணம், முடிவெடுத்ததை யாரும் செய்யவே இல்லை என்பதுதான்.

தனிப் பிள்ளையின் பதிவை வகுப்பாசிரியர், பாட ஆசிரியர்கள், கவுன்சிலர், தலைமையாசிரியர் தவிர மற்றவர்கள் திறக்க முடியாதபடி வையுங்கள். பெற்றோர் கேட்டால் முழுவதையும் காட்டுங்கள். அமெரிக்காவில் கல்விப் பதிவுகள் பற்றிய 1974ஆம் ஆண்டுச் சட்டம் அதை உரிமையாகவே தருகிறது, உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொன்னாலும் அது நல்ல பழக்கம். காட்டும்போது அந்த முன், பின் பத்திகளையும் சேர்த்துக் காட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும். ‘வீட்டிலும் படிக்கச் சொன்னால் இப்படித்தான்’ என்று அம்மாவே ஆரம்பிப்பார். கல்வியாண்டு முடிந்ததும் சிறு பதிவுகளில் பெயரை நீக்கிவிட்டு இடம், நேர விவரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், புது வகுப்பாசிரியர் கைக்குப் பழைய பட்டியல் போகாது. தனித் திட்டம் ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதி மேல் வகுப்புக்கு அனுப்புங்கள். இப்போதிருக்கிற மூன்று ஆண்டுப் பதிவுகளில் ‘விவரம்’ கட்டம் தேறாது என்றுதான் நினைக்கிறேன்; தேதியும் நேரமும் இடமும் இருந்தால் போதும், இந்த வாரமே அதிலிருந்து தொடங்கலாம்.